குட்டி நீர்மூழ்கி கரையேறிய கதை

முல்லைத்தீவு மாவட்டத்து நாயாற்றுக் கடல் வற்றிக் காட்டுகிற கடல் அல்ல. வற்றுப்பெருக்கு இங்கேயும் உண்டுதான். ஆனால் பறுவ நாளில்கூட நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதில்லை. இந்தக் கரையின் முகத்தை மாற்றுவது காற்றும் மழையும்தான். மாரியில் வாடைக்காற்று எழும்பும். காட்டாற்று வெள்ளம் களப்பை நிரப்பி, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் விழும். கோடையில் அதே முகத்துவாரம் மண்மேடிட்டுக் கிடக்கும். சோழகம் தொடங்கி மேற்குக் கரையில் கடல் குழம்பினால் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் வாடி போட இங்கே வருவார்கள். அடியில் கிடப்பதை இந்தக் கடல் தானாக வெளியே காட்டாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

காட்டுகிற கடல்களும் உலகத்தில் இருக்கின்றன. ஸ்கொட்லாந்தில், எடின்பரோ நகருக்குக் கிழக்கே, அபர்லேடி என்றொரு விரிகுடா. அங்கே கடல் வற்றினால் நெடுந்தூரத்துக்கு மணல் வெளித்துவிடும். அந்த மணலில் இரண்டு குட்டி நீர்மூழ்கிகள் துருவேறிக் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பயிற்சிக்கென்று பிரித்தானியக் கடற்படை கட்டியவை அவை. போர் முடிந்ததும், 1946இல், அவற்றை அங்கே இழுத்துவந்து ஒரு கொங்கிறீட் கட்டையில் கட்டி, விமானங்கள் சுட்டுப் பழகுவதற்கு இலக்காக விட்டார்கள். சுட்டுச் சல்லடையாக்கிய பிறகு ஒருவரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. இன்றும் வற்று நேரம் பார்த்து ஈரமணலில் நடந்துபோய் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். பெருக்குத் திரும்பமுதல் கரைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். சீட்டு எடுக்க வேண்டாம், காவற்காரரிடம் பெயர் சொல்லவும் வேண்டாம்.

2009இல் போர் முடிந்த பிறகு முல்லைத்தீவு மாவட்டத்திலும் குட்டி நீர்மூழ்கிகளைச் சனம் போய்ப் பார்த்தது. புதுக்குடியிருப்பில், இராணுவம் கட்டிய வெற்றிச் சின்னத்தை ஒட்டிய காட்சியிடத்தில், விடுதலைப் புலிகளிடமிருந்து பிடித்த படகுகளுக்கும் ஆயுதங்களுக்கும் நடுவே அவை வைக்கப்பட்டன. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். கடல் வற்றி வெளிவந்தவை அல்ல அவை. எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது, என்ன பெயர் சொல்லிக் காட்டுவது என்பதையெல்லாம் வென்றவர்கள் முடிவு செய்தார்கள். அந்த இரும்பு அங்கே வந்து சேர்ந்த வழி, வைக்கப்பட்ட பலகையில் அடங்குகிற வழி அல்ல. அது திருகோணமலையையும் தாய்லாந்தையும் தொட்டுச் சுற்றி வருகிறது.

பெரிய கப்பல் கட்ட வசதியில்லாதவனின் ஆயுதம் குட்டி நீர்மூழ்கி என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு உண்மை அதுவல்ல. பெரிய கடற்படைகளும் வேறு வழி அடைபட்ட இடத்தில் இதைத்தான் தேடிப் போயிருக்கின்றன. 1941 டிசெம்பரில் எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்குள் இத்தாலியக் கடற்படையினர் ஆறே பேர், ஆளேறிச் செலுத்தும் மூன்று ரோப்பீடோக்களில் புகுந்து, பிரித்தானியாவின் இரண்டு பெரும் போர்க்கப்பல்களை அடியோடு சேதப்படுத்தினார்கள். அடி வாங்கியவன் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டான். பிரித்தானியர் தாங்களும் அதேபோல ஒன்றைக் கட்டி அதற்கு ‘சாரியட்’ என்று, அதாவது இரதம் என்று, பெயர் வைத்தார்கள். இன்னொரு பக்கம் நான்கு பேர் உள்ளே இருந்து ஓட்டும் ‘எக்ஸ்’ வகைக் குட்டி நீர்மூழ்கியையும் கட்டினார்கள். அது ஏறத்தாழ 51 அடி நீளம். 1943 செப்டெம்பரில் நோர்வேயின் கடல்நுழைவு ஒன்றுக்குள் ஒளிந்துகிடந்த ஜேர்மனியின் ‘ரிர்பிற்ஸ்’ போர்க்கப்பலை மாதக்கணக்கில் அசையவிடாமல் செய்தவை அவைதான். அபர்லேடியில் துருப்பிடித்துக் கிடப்பவை அந்த வகையைச் சேர்ந்த பயிற்சிக் கலங்கள்.

இந்தக் கலங்களின் தொழில்நுட்பம் கேட்பதற்கு எளிது. தொட்டிக்குள் தண்ணீரை விட்டால் தாழும், காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்றினால் எழும். கரையில் நின்று சொல்ல இவ்வளவுதான். தண்ணீருக்குள் போனால்தான் சங்கடம் தெரியும். கலத்தின் எடையும் அது விலக்குகிற நீரின் எடையும் ஏறக்குறைய நூல் பிடித்ததுபோல ஒத்திருக்க வேண்டும். உப்புநீருக்குக் கணக்குப் பார்த்துச் சமன் செய்த கலம் நன்னீருக்குள் புகுந்தால் திடீரென்று தாழ்ந்துவிடும், ஏனென்றால் நன்னீரின் அடர்த்தி குறைவு. நோர்வேயில் மலையருவிகள் கடலில் கலக்கிற இடங்களில் பிரித்தானியர் பட்ட பாடு அதுதான். எங்கள் கரையிலும் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என்று மூன்று களப்புகள் மாரியில் மழைநீரைக் கடலில் கொட்டுகின்றன. முகத்துவாரத்துக்கு வெளியே செம்மண் நிறத்தில் ஒரு நீர்ப்பட்டை விரிவதை இங்கே சின்னப் பிள்ளையும் பார்த்திருக்கும். அந்தப் பட்டைக்குள் ஒரு குட்டி நீர்மூழ்கியை நேராக ஓட்டுவது இலேசான வேலையாக இருந்திராது.

1944இல் இந்த வித்தை எங்கள் கடலுக்கே வந்தது. நாயாற்றிலிருந்து கரையோடு தெற்கே போனால் புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி, அதற்கப்பால் திருகோணமலை. யப்பானியரிடம் சிங்கப்பூரை இழந்த பிறகு, பிரித்தானியரின் கிழக்குக் கடற்படைக்கு அது பெரிய தளம். அங்கே சாரியட் ஓட்டிகளைக் கொண்டுவந்து பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கலத்தின் இரண்டாம் வகையில் இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து இருப்பார்கள். இறப்பர் உடுப்பு, மூக்கை இறுக்கிப் பிடிக்கிற கவ்வி, வாயில் ஒட்சிசன் குழாய். சுத்தமான ஒட்சிசனைச் சுவாசித்துக்கொண்டு பத்து மீட்டருக்குக் கீழே நெடுநேரம் நின்றால் அதே ஒட்சிசன் நஞ்சாகி வலிப்பு வரும். அதனால் ஆழம் அவர்களுக்கு ஒளிவிடமாக இருந்ததில்லை.

1944 ஒக்டோபரில் ‘ட்ரெஞ்சன்ற்’ என்ற பெரிய நீர்மூழ்கி, ஆர்தர் ஹெஸ்லெற்றின் தலைமையில், இரண்டு சாரியட்டுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. போன இடம் புக்கெட். இன்றைக்குத் தாய்லாந்தின் உல்லாசத் தீவு. அன்று அதன் துறைமுகத்தில் இரண்டு இத்தாலியக் கப்பல்களை மீட்டுப் பயன்படுத்த யப்பானியர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 28ஆம் திகதி இரவு நான்கு பேர் இரண்டு சாரியட்டுகளில் இறங்கிப் போய், கப்பல்களுக்குக் கீழே வெடியைப் பொருத்திவிட்டுத் திரும்பி வந்து நீர்மூழ்கியில் ஏறிக்கொண்டார்கள். மறுநாள் காலை வெடிகள் வெடித்தன. போன நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். சாரியட்டுகளைக் கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.

வங்காள விரிகுடாவின் இந்தக் கரைக்கும் புக்கெட்டுக்கும் இடையிலான கடல்வழியில் இந்தக் கதை இன்னொரு தடவை போய்வருகிறது, இம்முறை எதிர்த்திசையில். 2000ஆம் ஆண்டில் தாய்லாந்து அதிகாரிகள் புக்கெட்டை ஒட்டிய சீரே தீவின் படகுத்தளம் ஒன்றில், பாதி கட்டிய நிலையில் ஒரு குட்டி நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தார்கள். தளத்தை நடத்தியவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த தமிழர். கலம் விடுதலைப் புலிகளுக்காகக் கட்டப்பட்டது என்று செய்தி வந்தது. பாங்கொக்கும் கொழும்பும் பரபரத்தன. அந்தக் கலம் ஒருநாளும் கடலில் இறங்கவில்லை.

ஆனால் எண்ணம் அதோடு நிற்கவில்லை. கடலுக்கு அப்பால் கட்ட முடியாவிட்டால் காட்டுக்குள் கட்டுவது என்று ஆனது. இங்கேதான் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. விடுதலைப் புலிகளின் கடற்படையான கடற்புலிகளின் பெயர் நிலைத்தது நீர்மூழ்கியால் அல்ல, பைபர்கிளாஸ் படகுகளால். மீன்பிடிப் படகுக்கு அச்சு வார்த்துப் பழகிய கைகள்தான் அலையோடு ஒட்டி ஓடுகிற, பல வெளியிணைப்பு இயந்திரங்கள் பூட்டிய வேகப்படகுகளை வார்த்தன; வெடிமருந்து ஏற்றி மோதுகிற படகுகளையும் வார்த்தன. பைபர் வேலைக்குப் பிசினும் கண்ணாடிநாரும் கொஞ்சம் அனுபவமும் இருந்தால் போதும். நீர்மூழ்கிக்கு அது போதாது. அதற்கு இரும்புத் தகடு வேண்டும், நீர் கசியாத ஒட்டு வேண்டும், அழுத்தம் தாங்குகிற கண்ணாடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீருக்குள் ஓட பற்றரி வேண்டும்.

1990களில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பு வரும், கூடவே கண்ணீரும் வரும். பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரியே தடைசெய்த பொருள். சீமெந்து தடை, இரும்பு தடை, எரிபொருள் தடை, உரம் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்கட்டையைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடக்கி எடுக்க மட்டும் ஒரு துளி பெற்றோல். ஒரு பென்ரோச் பற்றரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாத நாட்டில், பற்றரியை நம்பி நீருக்கடியில் ஓடுகிற கலத்தைக் கட்ட நினைத்தார்கள். அந்தத் துணிச்சலைப் புகழ்ந்து ஒரு பரணி பாடலாம். அந்தப் பிசினும் இரும்பும் ஆட்களின் காலமும் வள்ளங்களுக்கும் பாசனத்துக்கும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். நான் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள். ஆனால் பரணி பாடுகிறவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன்.

2002 போர்நிறுத்தத்தோடு பாதை திறந்து, பொருள் வந்து, 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் ஏ9 பாதை மறுபடி மூடப்பட்டது. அந்தக் கடைசி ஆண்டுகளிலும் கடற்புலிகளின் நீருக்கடித் தாக்குதல்கள் நடந்தன. 2008 மே 10 அதிகாலை திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் ‘இன்வின்சிபிள்’ என்ற ஏ520 கப்பல் நீருக்கடி வெடியில் மூழ்கியது. 1944இல் சாரியட் ஓட்டிகள் பயிற்சி எடுத்த அதே துறைமுகம். பள்ளிப்பாடத்தில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத இன்னும் எத்தனை தலைமுறை ஆகுமோ தெரியாது.

நீருக்கடி ஆட்களைப் பழக்க விசுவமடுப் பக்கத்தில் ஆழமான குளமொன்றைக் கொங்கிறீட்டில் கட்டியிருந்தார்கள். போர் முடிந்த பிறகு அதுவும் பார்வையிடமானது. ‘பயங்கரவாதிகளின் நீச்சல் குளம்’ என்று பலகை வைத்து, பக்கத்தில் குளிர்பானம் விற்று, ஆட்களை வரவழைத்தார்கள். அந்தக் குளத்தில் குதித்தவர்களில் தாமாகப் போனவர்களும் இருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிடித்துப் போனதால் போனவர்களும் இருந்தார்கள். பலகைக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. இயக்கத்தின் வீரவணக்கப் பாடல்களுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

நீர்மூழ்கிகள் காட்டுக்குள் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒருவரும் அழைக்காமல் ஒரு பெரிய இரும்பு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதைச் சொல்லாமல் முல்லைத்தீவின் இரும்புக் கதை முடியாது. ‘பரா 3’ என்ற ஜோர்தான் நாட்டுக் கப்பல், ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து தென்னாபிரிக்காவின் டேர்பனுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. 2006 டிசெம்பர் பிற்பகுதியில் முல்லைத்தீவுக்கு அப்பால் இயந்திரம் பழுதாகி நின்றது. வாடைக்காற்றுக் காலம், நின்ற கப்பலைக் காற்று கரைக்குத்தான் தள்ளும். கப்பலில் இருந்த 25 பேரும் கரைக்குக் கொண்டுவரப்பட்டு, சில நாட்களில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். தத்தளித்தவர்களைக் காப்பாற்றினோம் என்றார்கள் புலிகள். மாலுமிகளை மிரட்டி இறக்கிவிட்டுக் கப்பலைக் கொள்ளையடித்தார்கள் என்றது அரசாங்கம். பாதை பூட்டி அரிசி விலை ஏறிக்கிடந்த வன்னியில் 14,000 தொன் அரிசியோடு ஒரு கப்பல் தானாகக் கரைதட்டினால், அதற்குப் பிறகு அந்த அரிசி டேர்பனுக்குப் போகும் என்று எவர் நினைத்திருப்பார்? அரிசி இறங்கியது. பிறகு கப்பலே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தகடும் குழாயும் கம்பியும் போருக்குப் போயின.

கடைசிப் போரில் அந்தக் கோது முள்ளிவாய்க்கால் கரையில் ஓர் அடையாளமாக நின்றது. இராணுவ அறிக்கைகளில் பரா கப்பல்வரை முன்னேறிவிட்டோம் என்று எழுதினார்கள். அதன் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இலட்சக்கணக்கான சனம் மணலில் குழி தோண்டி, செல்லடிக்கு நடுவே, வெளியேறவும் விடப்படாமல் கிடந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அதே கப்பலின் முன்னால் நின்று சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அதையும் பழைய இரும்புக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் போய் நின்றால் கடல் மட்டும்தான் தெரியும்.

இனி நீர்மூழ்கிகளுக்கு வருகிறேன். 2009 ஜனவரி 25 அன்று முல்லைத்தீவு நகரம் இராணுவத்தின் கையில் விழுந்தது. பெப்ரவரித் தொடக்கத்தில் சாலைக் கரையிலிருந்த கடற்புலிகளின் பெரிய தளமும் விழுந்தது. அதே நாட்களில் உடையார்கட்டுப் பகுதியில் நீர்மூழ்கி கட்டும் தளம் ஒன்றைப் பிடித்ததாக இராணுவம் படங்களோடு அறிவித்தது. பாதி முடிந்தவையும் ஏறக்குறைய முடிந்தவையுமாகக் கிடந்தன. கவசத்தகடு பொருத்திய பெரியது பத்து மீட்டர் அளவு. உடையார்கட்டு கடற்கரை ஊர் அல்ல. குளமும் வயலுமான உட்பகுதி ஊர். கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய கலத்தை, விமானத்துக்கு ஒளித்து, மரநிழலில் கட்டியிருக்கிறார்கள். அதன் முதற்பயணம் தண்ணீரில் நடக்கவில்லை. பிடித்தவர்களின் வாகனத்தில், தரைவழியாக, காட்சிக்கு நடந்தது.

புதுக்குடியிருப்பில் அவற்றின் கிட்டப்போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது ஒட்டுவேலை. தகடும் தகடும் சேருகிற இடத்தில் வெல்டிங் தடம் சில இடங்களில் சீராக ஓடுகிறது. சில இடங்களில் புடைத்து, மேலே இன்னொரு தடம் போட்டு அடைத்திருக்கிறது. நல்ல கைகாரன் ஒருவனும் பழகுகிறவன் ஒருவனும் மாறிமாறிப் பிடித்திருக்கிறார்கள் என்று வேலை தெரிந்த எவரும் சொல்வார். மேலே ஆள் நுழைகிற வாய். உடம்பு பெருத்தவர் இறங்க முடியாது. இறங்கினால் நிமிர முடியாது. படம் எடுக்க வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கி அதன் பக்கத்தில் நிறுத்துவார்கள். உள்ளே இருக்கப்போனவனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் எத்தனை வயது இடைவெளி இருந்திருக்கும் என்று யோசித்தால் அங்கே நெடுநேரம் நிற்க முடியாது.

நாயாற்றில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கதை கொடுத்தேன். “தம்பி, நீங்கள் போய்ப் பார்த்தனீங்களோ?” என்று மட்டும் கேட்டார். அவர் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் காட்சியிடத்துக்கு மிகக் கிட்ட இருக்கிற சனம்தான் அங்கே மிகக் குறைவாகப் போனது. தூர இடத்து ஆட்களுக்கு அது வெற்றிச் சின்னம். இங்கே இருப்பவர்களில் சிலருக்கு அது தம்பி வேலை செய்த இடத்துப் பொருள், மகன் ஏறவிருந்த வாகனம், அல்லது மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் பொருள். மூன்றில் எதையும் சத்தமாகச் சொல்ல முடியாது.

சொல்ல முடியாததற்கு ஒரு சட்டமும் காரணம். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் கிடக்கிறது. அந்தத் தகட்டை வளைத்தவர்களிலும் ஒட்டியவர்களிலும் இன்று உயிரோடு இருப்பவர்கள் எங்காவது கேற் அடித்துக்கொண்டோ, ட்ராக்டர் பெட்டி கட்டிக்கொண்டோ வாழலாம். எந்த அளவில் தகடு எடுத்தோம், எங்கே தண்ணீர் கசிந்தது, எதனால் தோற்றோம் என்று வாய் திறந்தால் அது தொழில்நுட்ப வரலாறாக எழுதப்படாது, வாக்குமூலமாகத்தான் எழுதப்படும். புக்கெட்டில் 1944இல் வெடி வைத்தவர்களின் அனுபவம் புத்தகங்களில் இருக்கிறது. உடையார்கட்டில் கட்டியவர்களின் அனுபவம் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி மெலிந்திருப்பதும் அதனால்தான்.

எதிரியின் குட்டி நீர்மூழ்கியைக் காட்சிக்கு வைப்பதில் தவறில்லை. எல்லா நாடும் செய்கிறது. எப்படிச் செய்வது என்பதற்கு அவுஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 1942 மே 31 இரவு மூன்று யப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் புகுந்தன. ‘குற்றபுல்’ என்ற கப்பல் மூழ்கி, அதில் 21 கடற்படையினர் இறந்தார்கள். இரண்டு நீர்மூழ்கிகளை அடியிலிருந்து எடுத்தார்கள். உள்ளே நான்கு யப்பானியரின் உடல்கள். துறைமுகத்துக்குப் பொறுப்பாக இருந்த கடற்படைத் தளபதி மூயர்ஹெட் கூல்ட், போர் உச்சத்தில் இருந்தபோதே, அந்த நால்வருக்கும் முழுக் கடற்படை மரியாதையோடு தகனம் செய்வித்தார். அவுஸ்திரேலியாவிலேயே அவரைத் திட்டினார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. சாம்பல் அதே ஆண்டில் யப்பானுக்கு அனுப்பப்பட்டது.

உடைந்த இரண்டையும் பொருத்தி ஒன்றாக்கிய நீர்மூழ்கியை ஊர் ஊராக லொறியில் கொண்டுபோய்க் காட்டிக் காசு சேர்த்தார்கள். அதுவும் வெற்றிக் காட்சிதான். பிறகு அது கன்பராவில் போர் நினைவகத்தில் வைக்கப்பட்டது. 1968இல், இறந்த மாலுமிகளில் ஒருவரான மற்சுவோவின் முதிய தாய் யப்பானிலிருந்து வந்து, மகன் இறந்த துறைமுகத்தையும் அந்த நீர்மூழ்கியையும் பார்த்தார். அவருக்கு வரவேற்புக் கொடுத்தார்கள். மூன்றாவது நீர்மூழ்கி 2006இல் சிட்னிக்கு வடக்கே கடலடியில் கிடக்கக் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுத்துக் காட்சிக்கு வைக்கவில்லை; உள்ளே இறந்தவர்களின் எச்சங்கள் இருக்கலாம் என்பதால் அப்படியே விட்டுக் காவல் போட்டார்கள். யப்பானியரோ வேறு நாட்டவர்; குண்டு போட வந்தவர்கள். அவர்களுக்கே அவுஸ்திரேலியாவால் இந்த மரியாதையைக் கொடுக்க முடிந்தது.

இங்கே இறந்தவர்கள் இந்த நாட்டுக் குடிகள். முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்கு வருகிற வழியில் அளம்பில் இருக்கிறது. அங்கே புலிகளின் போராளிகளைப் புதைத்த ஒரு மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது, கல்லறைகள் இருந்தன. போருக்குப் பின் வடக்குக் கிழக்கு முழுக்கத் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. அளம்பில் இல்லம் இருந்த நிலத்தில் இராணுவ முகாம் வந்தது. மாவீரர் நாளான நொவெம்பர் 27 வந்தால் உறவுகள் முகாமுக்கு வெளியே விளக்கேற்றுகின்றன. ஓட்டவிருந்தவனின் கல்லறையை இடித்துவிட்டு, அவனுடைய வாகனத்துக்கு மட்டும் வண்ணம் பூசிக் கூரை போட்டு வைப்பது எந்த நாட்டு நூதனசாலை முறை?

கடற்புலிகளால் கொல்லப்பட்ட கடற்படையினருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். குருநாகலிலும் காலியிலும் இருக்கிற அவர்கள் வந்து இந்தக் கலங்களைப் பார்க்கும்போது வருகிற கோபம் நியாயமானது. இந்தக் கரையிலேயே 1984 டிசெம்பரில் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வாடியடித்திருந்த சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 1997இல் புல்மோட்டையில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிற்றி’ கப்பல் தாக்கப்பட்டபோது, எங்கள் சண்டையோடு ஒரு சம்பந்தமும் இல்லாத சீன மாலுமிகள் செத்தார்கள். அந்தக் கப்பல் அடியில் கிடக்கிறது. இன்று சுழியோடிகள் பார்க்கிற இடம். இவ்வளவையும் ஒரே பலகையில் எழுதத் துணிந்தால்தான் அது வரலாற்றுப் பலகை. பிடித்தவரின் பெருமையை மட்டும் எழுதுவதென்றால் விளம்பரப் பலகை போதும்.

ஆகவே கேட்பது இதுதான். அந்தக் கலங்களுக்குப் பக்கத்தில் எங்கே, எப்போது, எதனால் கட்டப்பட்டன என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள். ஏ520இல் வேலை செய்த கடற்படையினரையும் உடையார்கட்டில் வேலை செய்த இளைஞர்களையும் அந்தப் பலகையில் ஒரே மரியாதையோடு குறிப்பிடுங்கள். அளம்பில் நிலத்தை உறவுகளிடம் கொடுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டன, நீக்குங்கள். அதற்குப் பிறகு அந்தத் தகட்டை ஒட்டியவர்கள் பேசுவார்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.